கிலோ ஐந்நூறு வெள்ளி

மெலிந்து போனதற்காக ஒரு பெண்மீது போலீஸ் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். எழுபத்தெட்டுக் கிலோ எடையுள்ள என்னை அந்தக் குற்றத்துக்காக யாரும் பிடிக்க முடியாது.

என் முதலாளி அப்புத்துரையையும் பிடிக்க முடியாது. முப்பது வருஷம் காப்புறுதிக் கம்பெனிகளில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். நான் சுலைஹா, அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகத்தின் டைப்பிஸ்ட், கார் ஓட்டுநர், அண்ணன் மரியாதை பார்த்துச் சும்மா இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கிறவள். சம்பளம் என்னவோ முதல் வேலைக்கு மட்டும்தான்.

1991 மார்ச் முதல் வாரம், ஒரு புதன்கிழமை காலை. பீச் ஸ்திரீட்டில் நீலவிளக்குக் காப்புறுதி நிறுவனத்தின் பினாங்குக் கிளை. எங்களைக் கூப்பிட்டிருந்தவர் இழப்பீட்டு மேலாளர் திருநாவுக்கரசு. ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு வருகிறவர்களில் யாருக்குப் பணம் கொடுப்பது, யாருக்குக் கையை விரிப்பது என்று முடிவு செய்கிற நாற்காலி அவருடையது.

அறைச் சுவரில் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசப் படங்கள், வருஷத்துக்கு ஒன்றாகப் பத்து. எல்லாவற்றிலும் மேலாளர் தலையில் பால்குடம் வைத்துக்கொண்டு நின்றார். முதல் ஒன்பதில் வேட்டிக்கு மேல் ஒரு பிரம்மாண்டமான தொந்தி வெயிலில் மினுமினுத்தது. பத்தாவதில், இந்த ஜனவரியில் எடுத்ததில், பாதி ஆள்தான் இருந்தார். மஞ்சள் ஜிப்பா அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. நேரில் பார்த்தாலும் அப்படித்தான். இடுப்பு பெல்ட்டின் வால் பாதி முதுகு வரை போயிருந்தது.

அண்ணன் படங்களைப் பார்த்துக் கை கூப்பினார். "விரதமா சார்?"

"நாப்பத்தெட்டு நாள். ஒரு வேளை, அதுவும் பாலும் பழமும்தான். முருகன் கொடுத்த உடம்பு சார் இது."

அண்ணன் பக்தியோடு தலையை ஆட்டினார். எங்கள் நோன்பு மாதத்தில் எனக்கு மூன்று கிலோ கூடுவதுதான் வழக்கம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மற்றவர்கள் நோன்பைப் பற்றி ஆராய்ச்சி பண்ணக்கூடாது என்று வாப்பா சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ரோஹானா தேநீரும், உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கரிபாப்பும் கொண்டுவந்து வைத்தாள். மேலாளரின் காரியதரிசி. நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்ப் பெண், தமிழ் என்னைவிடச் சுத்தமாகப் பேசுவாள். மேசையில் கம்பெனியின் நீலவிளக்குச் சின்னம் போட்ட ஃபிளாஸ்க் ஒன்று இருந்தது. அதை ஒதுக்கிவைத்துத் தட்டுக்கு இடம் செய்தாள்.

அண்ணன் இரண்டு கரிபாப்பை முடித்தார். நான் மூன்று. மேலாளர் ஒன்றை எடுத்து ஒரு மூலையைக் கடித்து, வெகுநேரம் மென்று, மீதியைக் காகிதத்தில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்தார்.

"இன்சூரன்ஸ்காரங்க கரிபாப்பைக்கூட தவணையிலதான் சாப்பிடுவாங்க போல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கடிதத்தின் நகலை எங்கள் பக்கம் தள்ளினார். கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் பத்து நாளைக்கு முன் வந்த மொட்டைக் கடிதம், மலாயில் தட்டச்சு செய்தது. உங்கள் பினாங்குக் கிளை ஒருவரின் வயிற்றைத் தைத்து மெலிய வைக்கும் ஆப்பரேஷனுக்கு வேறொரு நோயின் பெயரில் பணம் கொடுத்திருக்கிறது, பெரிதாக இருந்தவர் சிறிதாகிவிட்டார், வடிகட்டிய சூப் குடித்தே உயிர் வாழ்ந்தார், விசாரியுங்கள் என்று நாலே வரி.

"அந்த ஆப்பரேஷனுக்கு எவ்வளவு சார் ஆகும்?" என்று அண்ணன் கேட்டார். தன் தொந்தியைத் தடவிக்கொண்டே கேட்டதை நான் கவனித்தேன்.

"பதினாலாயிரம் வெள்ளி. அதுக்கு எந்தக் கம்பெனியும் ஒரு காசு கொடுக்காது. அழகுக்காகச் செய்யிற சிகிச்சைன்னு பாலிசியில தெளிவா இருக்கு. அதான் ஜனங்க வேற நோய் பேரைப் போட்டுக் கேக்குறாங்க." ஒரு கோப்பைத் திறந்தார். "இந்தம்மா பேரு தவமணி. நிபோங் திபால், அரசாங்க கிளார்க். பிப்ரவரியில பித்தப்பைக் கல்லுன்னு ஆப்பரேஷன். ஆறாயிரத்து நானூறு கேட்டு எழுதியிருக்கு. போன வருஷத்துல இருந்து இருபத்தெட்டு கிலோ குறைஞ்சிருக்கு. கல்லை எடுக்கும்போதே வயித்தையும் தைச்சுக்கிட்டு அதை மறைக்குதுன்னு நான் சொல்றேன்."

"பதினாலாயிரத்தை இருபத்தெட்டால வகுத்தா," என்றேன், "கிலோ ஐந்நூறு வெள்ளி. சௌரஸ்தா பாசார்ல ஆட்டிறைச்சியே பதினாறுதான் அண்ணே."

நான் சொன்னது காதில் விழாதவர் மாதிரி அண்ணன் அடுத்த கேள்விக்குப் போனார். "தைச்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?"

"சுலபம்லா. தைச்ச வயிறு ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் இருக்கும். ரெண்டு கரண்டி சோறு. மூணாவது கரண்டி போச்சுன்னா இங்க வந்து நிக்கும்." நெஞ்சுக்குழியில் விரலை வைத்தார். "கல்லு மாதிரி. மேலயும் வராது, கீழயும் போகாது. கண்ணுல தண்ணி வந்துடும்."

"டாக்டருக்கே படிச்சிருக்கலாம் சார் நீங்க."

"கிளைம் படிச்சுப் படிச்சு வர்றதுதான் மேடம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எனக்கு ரிப்போர்ட் வேணும். திங்கக்கிழமை தலைமையகத்து ஆளுங்க வர்றாங்க. போலீஸ் ரிப்போர்ட் டைப் பண்ணி ரெடியா இருக்கு, அந்தம்மா டிபார்ட்மெண்டுக்கு ஒரு நகல் போகும்."

*

மறுநாள் அண்ணனின் பழைய டத்சுன் காரில் பாலம் தாண்டி, ஜுரு தாண்டி, நிபோங் திபால் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. எண்ணெய்ப்பனைக்கு நடுவில் புதிதாக முளைத்த தாமான் குடியிருப்பில் ஒரு வீடு. தவமணி அக்கா மருத்துவ விடுப்பில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான உருவம், கன்னத்தில் தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், டிவி பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் போத்தலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தது.

"எண்ணிப் பாருங்க. பதினேழு கல்லு. என் வயித்துல இருந்தது. டாக்டரே போட்டுக் கொடுத்தாரு."

அண்ணன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாப்பாட்டு நேரம்.

"கல்லு இருந்ததை அவங்க மறுக்கலைங்க," என்றார் அண்ணன். "கல்லோட கல்லா வயித்தையும் தைச்சுக்கிட்டீங்கன்னு சொல்றாங்க."

"எதுக்கு? பொண்ணு பார்க்க யாரும் வரப்போறாங்களா?" அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "இருபத்தி ஆறு வருஷ சர்வீஸ் அண்ணே. இன்னும் நாலு வருஷத்துல பென்சன். போலீஸ் கேஸுன்னு என் ஃபைல்ல ஒரு வரி விழுந்துச்சுன்னா வேலையும் போச்சு, பென்சனும் போச்சு. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். இப்பவே ஆபீஸ்ல, அழகுக்கு அறுத்துக்கிட்டாள்னு சிரிக்கிறாங்களாம்."

எனக்குக் கோபம் வந்தது. குண்டாக இருந்தபோதும் சிரித்திருப்பார்கள். இளைத்தாலும் சிரிக்கிறார்கள். எந்த அளவில் இருந்தால் சும்மா விடுவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

"சாப்பிட்டீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

பசியில் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் மேசையில் சோறு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த கெம்போங் மீன். எங்களோடு அவரும் உட்கார்ந்தார். அண்ணன் வழக்கத்துக்கு விரோதமாகத் தன் தட்டைப் பார்க்காமல் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முதல் தட்டை முடித்தார். மறுபடி சோறு போட்டுச் சொதியை ஊற்றிப் பிசைந்து அதையும் முடித்தார். பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். எதுவும் நெஞ்சுக்குழியில் வந்து நிற்கவில்லை. கண்ணில் தண்ணீரும் வரவில்லை.

"தேநீர்க் கோப்பை ரொம்பப் பெருசு அண்ணே," என்று மெல்லச் சொன்னேன்.

கை கழுவப் போன இடத்தில் தையல் மெஷின் பக்கத்தில் நாலைந்து பிளவுஸ்கள் கிடந்தன. கேட்காமலே ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பெண்களின் பிளவுஸ் ஓரத்தில் உள்ளே தையல் விடுவது தெரிந்ததுதான். உடம்பு போட்டால் பிரிக்கலாம், இளைத்தால் பிடிக்கலாம். இந்தப் பச்சை பிளவுஸில் உள்ளே தள்ளித் தள்ளி மூன்று வரிசை ஊசித் தடம் இருந்தது. மூன்றாவது வரிசையில் நூல் இல்லை. புதிதாகப் பிரித்திருந்தது. பிரித்த இடத்துத் துணி மட்டும் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது.

"இதையெல்லாம் எப்ப பிடிச்சீங்க அக்கா?"

"எல்லாம் தீபாவளிக்கு முன்னாடி. எண்ணெய் பட்டாலே வயித்தைப் பிடிச்சு முறுக்கும். ஒரு வருஷம் பயந்துக்கிட்டு ரொட்டியும் தேத்தண்ணியும்தான். அதுல இளைச்சதுதான் இவ்வளவும். கல்லை எடுத்த பிறகு வலி இல்ல, நல்லாச் சாப்பிடறேன். போன வாரம்தான் ஒரு தையலைப் பிரிச்சேன்."

ஆப்பரேஷனுக்கு முன் இளைத்து, ஆப்பரேஷனுக்குப் பின் பருத்திருக்கிறார். வயிற்றைத் தைத்துக்கொண்டு பிளவுஸைப் பிரித்த பெண் மலேசியாவில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள், நான் காலில் விழுகிறேன்.

வாசலில் அக்கா கேட்டார். "நான் பொய் சொல்லலன்னு எழுதுவீங்களா அண்ணே?"

"பார்த்ததை எழுதுவேங்க," என்றார் அண்ணன்.

காரில் ஏறியதும் நான் சண்டைக்குப் போனேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைஞ்சா போவீங்க?"

"இவங்க இல்லன்னு எழுதினா பத்தாது சுலைஹா. சோறு சாப்பிட்டாங்க, பிளவுஸ் பிரிச்சாங்கன்னு எழுதினா மேலாளர் தூக்கிக் குப்பையில போடுவாரு. தலைமையகத்துக்கு ஒரு ஆள் வேணும். யாருன்னு சொன்னாத்தான் இவங்களை விடுவாங்க." பாக்கெட்டிலிருந்து மொட்டைக் கடிதத்தை எடுத்தார். "இதுல ஊர் இல்ல, பேர் இல்ல. இருக்கறது சூப் ஒண்ணுதான்."

"வடிகட்டின சூப்," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. "அண்ணே, பினாங்குல எவனும் சூப்பை வடிகட்டிக் குடிக்க மாட்டான். எலும்பை உறிஞ்சத்தான் சூப்பே வாங்குறது. அப்படி ஒருத்தன் கேட்டிருந்தா சூப் கடைக்காரன் செத்தாலும் மறக்க மாட்டான்."

"சூப் கடைக்காரங்க யாரையாவது தெரியுமா உனக்கு?"

"என் அம்மா பிறந்த வீடே அதுதான்."

*

என் மாமா அப்துல் காதர் கம்போங் கோலாமில் முப்பது வருஷமாக சூப் கம்பிங் விற்கிறார். ஆட்டு எலும்பும் மிளகும் கொத்தமல்லியும் மிதக்கிற அந்த சூப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் உறவை முறித்துக்கொள்வார். நாங்கள் போனபோது பின்னேரக் கூட்டத்துக்கு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்ககிட்ட எவனாவது சூப்பை வடிகட்டிக் கேட்டானா?"

மாமா கரண்டியை வைத்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பேச்சை எடுக்காதலா. டிசம்பர்ல ஒருத்தன் வந்தான். காக்கிச் சட்டை, ஏதோ ஆபீஸ் டிரைவர். இறைச்சி வேணாம், எலும்பு வேணாம், மிளகு வேணாம், தேத்தண்ணி வடிக்கிற துணியில ரெண்டு தடவை வடிச்சுக் கொடுங்கன்னான். சீக்காளிக்குன்னு சொன்னான், சரி பாவம்னு கொடுத்தேன். தெனம் வந்தான். ஒரு மாசத்துக்கு மேல வந்தான். தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னாடிதான் நின்னான். அதுவரைக்கும் என் கடையில தே குடிச்சவன்லாம் ஆட்டு வாசம் வருதுன்னு திட்டிட்டுப் போனான்."

"எதுல வாங்கிட்டுப் போனான்?"

"ஃபிளாஸ்க்லதான். பெரிய ஃபிளாஸ்க். நீலமா ஒரு விளக்குப் படம் போட்டிருக்கும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் தவமணி அக்காவுக்கு ஆப்பரேஷனே ஆகவில்லை. ஆனால் கம்பெனி ஃபிளாஸ்க்கை வாடிக்கையாளர்களுக்கு இனாமாகக் கொடுத்திருந்தால் பினாங்கில் ஆயிரம் பேரிடம் இருக்கும். மாமாவின் கல்லாப் பக்கத்தில் இருந்த டெலிஃபோனில் ரோஹானாவைக் கூப்பிட்டேன்.

"அந்த நீலவிளக்கு ஃபிளாஸ்க் எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?"

"வாடிக்கையாளருக்கா? இல்லக்கா. இருபது வருஷ சர்வீஸ் முடிச்சவங்களுக்குத்தான். பினாங்குக்கு வந்தது ஒண்ணே ஒண்ணு." மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு நாலு மணிக்கு வர்றீங்கல்ல? ஃபைலை எடுத்து வைக்கிறேன்."

எந்த ஃபைல் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த ஒன்று மேலாளர் மேசையில் இருந்த ஃபிளாஸ்க்தான் என்று சொன்னதும் அண்ணன் நம்பவே மறுத்தார். "அவரு முருக பக்தர் சுலைஹா. நாப்பத்தெட்டு நாள் விரதம்."

"அந்த நாப்பத்தெட்டு நாளுக்குள்ளதான் சூப் போயிருக்கு. விரதத்துல கம்பிங் சூப் உண்டா அண்ணே? எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் இல்ல."

அண்ணன் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. மெலிந்தவனைப் பார்த்தால் போலீஸுக்குச் சந்தேகம் வரும், டாக்டருக்குச் சந்தேகம் வரும். தைப்பூசத்துக்கு மறுநாள் மெலிந்தவனைப் பார்த்தால் பினாங்குத் தமிழனுக்குக் கை கூப்பத்தான் வரும். திருநாவுக்கரசு ஒளிந்துகொண்டது அந்தக் கூப்பிய கைகளுக்குள்தான். நானும்தான் வாப்பா பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"ஆட்டு சூப் குடிச்சது பாவம், குற்றமில்ல," என்றார் அண்ணன் கடைசியாக. "வீட்டுல யாருக்கோ வாங்கினேன்னு சொன்னா என்ன பண்ணுவே? வயித்துல தையல் இருக்குன்னு எப்படிக் காட்டுவே? சட்டையைக் கழட்டுங்கன்னா சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். வாய் திறந்தபடி இருந்தது.

"சட்டை," என்றார். "சுலைஹா, சட்டை."

பிறகு உட்கார்ந்து மூன்று கிண்ணம் சூப் குடித்தார், எலும்போடு.

*

வெள்ளிக்கிழமை நாலு மணி. மேலாளர் மேசையில் போலீஸ் புகார் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ரோஹானா கரிபாப் தட்டை வைத்துவிட்டு, இந்தமுறை போகாமல் கதவோரமாக நின்றாள்.

"ரிப்போர்ட்?" என்றார் திருநாவுக்கரசு.

அண்ணன் உட்காரவில்லை. நேராகச் சுவர்ப் பக்கம் போனார். "படங்களைப் பத்தி ஒரு சந்தேகம் சார். ஒன்பது வருஷம் வெறும் உடம்போட பால்குடம் எடுத்திருக்கீங்க. எவ்வளவு பெரிய தொந்தி. கொஞ்சமும் வெக்கப்படாம முருகனுக்கும் காட்டினீங்க, ஊருக்கும் காட்டினீங்க. அந்தத் தொந்தி போய் உடம்பு இப்படி ஆன வருஷம் மட்டும் ஜிப்பா. பக்கத்துல நிக்கிற அத்தனை பேரும் வெறும் உடம்போட நிக்கிறாங்க. ஏன் சார்?"

"அன்னிக்கு... குளிரா இருந்துச்சு."

"தைப்பூச வெயில்லயா?" என்றேன். "ரோட்டுல தண்ணி பீச்சினாங்களே சார், கால் சுடுதுன்னு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "என்ன சொல்ல வர்றீங்க அப்புத்துரை சார்?"

"கடிதத்துல, பணம் கொடுத்திருக்குன்னு எழுதியிருக்கு. தவமணி அம்மாவுக்கு நீங்க இன்னும் ஒரு காசு கொடுக்கல. அப்ப அது அவங்க இல்ல. அதை நான் புதன்கிழமையே பார்த்திருக்கணும். உங்க விரதத்தைப் பார்த்து என் கண்ணு கூசிடுச்சு."

கதவோரமாக நின்ற ரோஹானா முன்னால் வந்தாள். கையில் ஒரு கோப்பு. நாங்கள் கேட்கும் முன்னே மேசையில் வைத்துத் திறந்தாள். டிசம்பர் மாத இழப்பீடு. நோயாளி திருநாவுக்கரசு. நோய், சிக்கலான குடலிறக்கம். தொகை பதினாலாயிரம் வெள்ளி. சரிபார்த்தவர் கையெழுத்து, திருநாவுக்கரசு. ஒப்புதல் கையெழுத்தும் அவரே. இரண்டு கையெழுத்தும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

"குடலிறக்கம் சார்," என்றார் திருநாவுக்கரசு. "அந்தத் தழும்பைத்தான் மறைச்சேன்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். முப்பது வருஷத்தில் அவர் பார்க்காத குடலிறக்கமா. "குடலிறக்கத்து வெட்டு தொடை இடுக்குல சார். வேட்டி கட்டினா மறைஞ்சுடும். ஜிப்பா போட்டு மறைக்கிற வெட்டு நெஞ்செலும்புல ஆரம்பிச்சுத் தொப்புள் வரைக்கும் வரும். பட்டனைக் கழட்டச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. திங்கக்கிழமை வர்றவங்களுக்கு இருக்கு."

நான் மேலாளரின் இழுப்பறையைத் திறந்தேன். யாரும் தடுக்கவில்லை. புதன்கிழமைக் கரிபாப் ஒரு மூலை மட்டும் கடித்தபடி காகிதத்தில் இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. பக்கத்தில் வியாழக்கிழமைக் கரிபாப். அதிலும் ஒரு மூலை.

திருநாவுக்கரசு நாற்காலியில் சாய்ந்தார். பெரிய ஆளாக இருந்தபோது அந்த நாற்காலி அவருக்குப் போதாமல் இருந்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும் இடம் இருந்தது.

"நூத்திப்பதினெட்டு கிலோ சார்," என்றார் மெதுவாக. "சக்கரை, பிரஷர், ரெண்டும். இப்படியே போனா ரெண்டு வருஷம்னு டாக்டர் சொன்னாரு. போன வருஷம் பாதிப் படியில உட்கார்ந்துட்டேன். மூச்சு வரல. என் பால்குடத்தை யாரோ ஒருத்தர் தூக்கிட்டுப் போய் ஊத்தினாரு. அந்த ஒன்பதாவது படம் அடிவாரத்துல எடுத்தது. அன்னிக்கு நான் உச்சிக்குப் போகவே இல்ல."

"அப்ப இது அழகுக்கு இல்லையே சார். உசுருக்குத்தானே?" என்றார் அண்ணன். "டாக்டர் லெட்டரோட முறையாக் கேட்டிருக்கலாமே?"

"யார்கிட்ட கேக்குறது? என்கிட்டயா?" அவர் சிரித்தார். கேட்கச் சகிக்கவில்லை. "அஞ்சு வருஷத்துல பதினோரு பேர் கேட்டாங்க. எல்லாரும் டாக்டர் லெட்டரோடதான் வந்தாங்க. சக்கரை, நெஞ்சுவலி, முட்டி வலின்னு. பதினோரு பேருக்கும் மறுப்புக் கடிதம் போட்டவன் நான். எனக்கு என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியாதா?"

அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்ததை மறைக்கப் போவதில்லை. ஒரு மனிதன் உயிர் பிழைக்க ஆசைப்பட்டான், அதற்கு ஒரு பொய் சொன்னான். ஆனால் மேசையில் அந்தப் போலீஸ் புகார் இன்னும் இருந்தது. அதன் தலைப்பில் தவமணி அக்காவின் பெயர் இருந்தது.

"நீங்க பிழைக்கிறதுக்குப் பொய் சொன்னீங்க, சரி," என்றேன். "மாட்டிக்காம இருக்கிறதுக்கு அந்தப் பொம்பளையோட இருபத்தி ஆறு வருஷத்தைக் கேட்டீங்களே, அதுக்கு எந்த டாக்டர் லெட்டர் கொடுத்தாரு?"

அவர் புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக.

அண்ணன் அவர் முன்னால் உட்கார்ந்தார். "ரெண்டு கடிதம் வேணும் சார், இப்பவே. ஒண்ணு தவமணி அம்மாவுக்கு. முழுத் தொகையும் ஒப்புதல், விசாரணை முடிஞ்சது, அவங்கமேல தப்பில்லைன்னு அவங்க டிபார்ட்மெண்டுக்கு ஒரு நகல். இன்னொண்ணு டிசம்பர் கிளைமுக்கு மறுப்பு. திங்கக்கிழமை என் ரிப்போர்ட்டும் தலைமையகத்து மேசையில இருக்கும். நீங்களே மறுத்துட்டு நின்னா ஒரு மாதிரி, அவங்க வந்து கண்டுபிடிச்சா வேற மாதிரி."

முதல் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல ரோஹானா தட்டச்சு செய்தாள். கையெழுத்தானதும் அதை நான் வாங்கி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று மாலையே நிபோங் திபாலுக்கு ஓட்டுவதென்று முடிவாகிவிட்டது.

இரண்டாவதைச் சொல்ல அவர் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் ரோஹானா தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்திருந்தாள். நிற்காமல், எதையும் பார்க்காமல் அடித்தாள். பதினோரு தடவை அடித்த கடிதம், விரல்களுக்கு மனப்பாடம். முடித்து அவர் முன் வைத்தாள்.

ஆங்கிலத்தில் இருந்தது. மதிப்புக்குரிய திரு. திருநாவுக்கரசு அவர்களுக்கு, தாங்கள் செய்துகொண்ட சிகிச்சை அழகுக்காகச் செய்யப்படும் வகையைச் சேர்ந்தது என்பதால் இழப்பீடு வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம். தினமும் அரை மணி நேரம் நடந்து, உணவைக் கட்டுப்படுத்தி, நலமோடு வாழத் தங்களை வாழ்த்துகிறோம்.

அவர் இரண்டு தடவை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இந்த வரி மட்டும் வேணாம் ரோஹானா."

"எங்க அக்காவுக்கும் அந்த வரியோடதான் வந்துச்சு, சார்," என்றாள் ரோஹானா. "உங்க கையெழுத்துதான். அடிச்சது நான்."

அந்த மொட்டைக் கடிதம் யார் விரலில் பிறந்தது என்று அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அனுப்புகிறவர் இடத்தில் ஒன்று. பெற்றுக்கொண்டவர் இடத்தில் ஒன்று.